போலியோ வைரஸும் குடல் பாக்டீரியாக்களும்

போலியோ வைரஸ் என்பது இளம்பிள்ளை வாதத்தை உண்டாக்கும் ஆர்.என்.ஏ. வகை வைரஸ் ஆகும். ஏறத்தாழ 7,500 எழுத்துகள் கொண்ட ஒற்றை ஆர்.என்.ஏ. இழையும், அதைச் சுற்றி நான்கு வகைப் புரதங்களால் ஆன ஓர் உறையுமே அதன் முழு உடல். குறுக்களவு சுமார் 30 நானோமீட்டர். இந்த வைரஸ் வாய்வழியே நுழைந்து, குடலில் பெருகி, மலத்தோடு வெளியேறுகிறது. தொற்று ஏற்பட்டவர்களில் ஏறத்தாழ இருநூறில் ஒருவருக்கே அது நரம்பு மண்டலத்தை அடைந்து கைகால்களைச் செயலிழக்கச் செய்கிறது. மற்றவர்கள் தமக்குத் தொற்று வந்ததையே அறியாமல் வாழ்ந்துவிடுகின்றனர்.

குடல் வெறும் குழாய் அன்று. மனித உடலில் உள்ள பாக்டீரியாக்களின் எண்ணிக்கை சுமார் 38 லட்சம் கோடி என்று 2016ஆம் ஆண்டு இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவன ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். அவற்றில் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில் உள்ளவை. அந்தக் கூட்டத்தின் நடுவே நுழையும் போலியோ வைரஸ், அங்குள்ள பாக்டீரியாக்களோடு ஏதாவது தொடர்பு கொள்கிறதா? எளிய கேள்விதான். ஆயினும் வைரஸ் கண்டறியப்பட்ட 1908ஆம் ஆண்டிலிருந்து இக்கேள்விக்கு நேரடியான சோதனை விடை கிடைக்க நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

மூக்கா, குடலா?

1908இல் வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர், எர்வின் பாப்பர் ஆகிய இருவரும், இளம்பிள்ளை வாதத்தால் இறந்த ஒரு சிறுவனின் தண்டுவடத்திலிருந்து எடுத்த சாற்றைக் குரங்குகளுக்குச் செலுத்தி நோயை உண்டாக்கினர். அச்சாற்றில் பாக்டீரியா எதுவும் இல்லை. எனவே நோய்க்கு வேறொரு நுண்மி காரணம் என்பது தெளிவாயிற்று.

அது உடலுக்குள் நுழையும் வழி எது என்பதில்தான் ஆய்வு பல ஆண்டுகள் தடம் மாறியது. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் மருத்துவ ஆய்வு நிறுவனத் தலைவர் சைமன் ஃபிளெக்ஸ்னர், வைரஸ் மூக்கின் வழியே நேராக மூளைக்குச் செல்கிறது என்று கருதினார். அவரது சோதனைகள் அப்படித்தான் காட்டின. ஆனால் அவர் பயன்படுத்திய வைரஸ் வகை, ரீசஸ் குரங்குகளின் மூளையில் திரும்பத் திரும்ப வளர்க்கப்பட்டு நரம்பு இழையத்துக்கே பழகிப்போன ஒன்று. அந்தக் குரங்கினத்துக்கு வாய்வழியே தொற்றை ஏற்படுத்துவதும் கடினம். சோதனைச் சாலையில் வளர்ந்த பிள்ளையைப் பார்த்துவிட்டு ஊரில் உள்ள பிள்ளைகள் எல்லாம் இப்படித்தான் என்று முடிவு கட்டியது போன்றது இது.

இத்தனைக்கும் சரியான சான்று ஐரோப்பாவில் ஏற்கெனவே கிடைத்திருந்தது. 1911இல் ஸ்வீடனில் பரவிய பெருந்தொற்றின்போது கார்ல் கிளிங், பெட்டர்சன், வெர்ன்ஸ்டெட் ஆகியோர் நோயாளிகளின் தொண்டையிலும் குடல் கழுவு நீரிலும் வைரஸைக் கண்டனர். ஃபிளெக்ஸ்னரின் செல்வாக்கு பெரிது. ஸ்வீடன் ஆய்வு பின்னுக்குத் தள்ளப்பட்டது. 1937இல் கனடாவின் டொரொண்டோ நகரில் ஆயிரக்கணக்கான குழந்தைகளின் மூக்கில் துத்தநாக சல்பேட்டுக் கரைசலைப் பீய்ச்சி நோயைத் தடுக்க முயன்றதும் இந்த மூக்குக் கொள்கையின் விளைவே. நோய் தடுக்கப்படவில்லை. சில குழந்தைகள் மணம் அறியும் திறனை இழந்ததுதான் மிச்சம். 1941இல் ஆல்பர்ட் சேபினும் ராபர்ட் வார்டும் நோயால் இறந்தவர்களின் உறுப்புகளை ஆராய்ந்து, வைரஸ் குடலில் இருப்பதையும் மூக்குப் பாதையில் இல்லாததையும் காட்டினர். அதன் பிறகே கவனம் முழுமையாகக் குடலின் பக்கம் திரும்பியது.

பாக்டீரியாவை நீக்கிய பின் பார்த்த வைரஸ்

1949இல் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் ஜான் எண்டர்ஸ், தாமஸ் வெல்லர், ஃபிரெடரிக் ராபின்ஸ் ஆகிய மூவர், நரம்பு அல்லாத மனித இழையத்திலும் போலியோ வைரஸ் வளரும் என்று அறிவித்தனர். வெல்லர் சின்னம்மை வைரஸை வளர்ப்பதற்காக அமைத்திருந்த குடுவைகளில் சில மிஞ்சின. உறைபெட்டியில் இருந்த போலியோ வைரஸை அவற்றில் இட்டுப் பார்த்தனர்; வளர்ந்தது. இக்கண்டுபிடிப்புக்கு 1954ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. ஜோனாஸ் சால்க்கின் ஊசி மருந்தும் (1955), சேபினின் சொட்டு மருந்தும் இதன் மேல் எழுந்தவையே.

இந்த வெற்றிக்குப் பின்னால் இருந்த ஒரு துணைக்கருவி பெரும்பாலான பாடநூல்களில் இடம்பெறுவதில்லை. அது பெனிசிலினும் ஸ்டிரெப்டோமைசினும். மலத்திலிருந்து வைரஸைப் பிரித்து வளர்க்க வேண்டுமானால், மலத்தில் உள்ள பாக்டீரியாக்கள் குடுவைக்குள் பெருகி இழையத்தைக் கெடுக்காமல் தடுக்க வேண்டும். அப்போதுதான் புழக்கத்துக்கு வந்திருந்த நுண்ணுயிர்க்கொல்லிகள் அதைச் சாத்தியமாக்கின. அன்று முதல் உலகெங்கும் வைரஸ் ஆய்வுக்கூடங்களில் இழைய வளர்ப்பு ஊடகத்தோடு நுண்ணுயிர்க்கொல்லியைச் சேர்ப்பது வழக்கமாயிற்று. பாக்டீரியா என்றால் சோதனையைக் கெடுக்கும் மாசு என்றே பொருள் கொள்ளப்பட்டது.

இதில் தவறு ஏதுமில்லை. அப்படிச் செய்யாமல் தடுப்பு மருந்தே வந்திராது. ஆனால் இயற்கையில் எந்த நாளும் பாக்டீரியா இல்லாத இடத்தில் வாழாத ஒரு வைரஸை, பாக்டீரியா அறவே இல்லாத இடத்தில் வைத்தே அறுபது ஆண்டுகள் உலகம் படித்தது.

வேலூரில் எழுந்த ஐயம்

சேபினின் சொட்டு மருந்தில் இருப்பது வலுவிழக்கச் செய்யப்பட்ட, ஆனால் உயிருள்ள வைரஸ். அது குழந்தையின் குடலில் சில நாள் பெருகினால்தான் எதிர்ப்புத் திறன் உண்டாகும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மூன்று தவணைகளில் ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளுக்கும் எதிர்ப்பொருள் தோன்றியது. அதே மருந்து இந்தியாவில் அப்படி வேலை செய்யவில்லை.

இதை முதலில் விரிவாகப் பதிவு செய்தவர்களில் முக்கியமானவர் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் டி. ஜேக்கப் ஜான். வெப்ப மண்டலக் குழந்தைகளிடம் சொட்டு மருந்து குறைவாகவே பயன் தருகிறது என்பதை அவரும் ஜெயபாலும் 1972இல் வெளியிட்ட கட்டுரை எடுத்துக்காட்டியது. மருந்து வரும் வழியில் வெயிலில் கெட்டுவிட்டது என்பதுதான் அக்காலத்தில் எளிதாகச் சொல்லப்பட்ட காரணம். அடுத்ததாக, குடலில் ஏற்கெனவே உள்ள பிற வைரஸ்கள் தடுப்பு மருந்து வைரஸை வளரவிடாமல் செய்கின்றன என்பர். இந்த இரண்டாவது காரணத்தை அக்கட்டுரை ஆராய்ந்து, அத்தகைய குறுக்கீட்டுக்குச் சான்று கிடைக்கவில்லை என்றது. மூன்று தவணை போதாது, கூடுதல் தவணைகள் வேண்டும் என்று ஜேக்கப் ஜான் தொடர்ந்து வலியுறுத்தினார்.

1991இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, வளரும் நாடுகளில் மூன்று தவணைகளுக்குப் பின் முதல் வகை வைரஸுக்கு 73 விழுக்காட்டுக் குழந்தைகளும், இரண்டாம் வகைக்கு 90 விழுக்காட்டினரும், மூன்றாம் வகைக்கு 70 விழுக்காட்டினரும் மட்டுமே எதிர்ப்பொருள் பெறுகின்றனர் என்று காட்டியது. அதாவது முறையாகச் சொட்டு மருந்து போட்டுக்கொண்ட நான்கு குழந்தைகளில் ஒன்று பாதுகாப்பின்றி இருந்தது.

1995இல் இந்தியா முழுவதும் போலியோ சொட்டு மருந்து முகாம்கள் தொடங்கிய பின் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரிந்தது. 2006இல் வெளியான ஒரு கணக்கீட்டின்படி, முதல் வகை வைரஸுக்கு எதிராக மும்மைச் சொட்டு மருந்தின் ஒரு தவணை தரும் பாதுகாப்பு உத்தரப் பிரதேசத்தில் சுமார் 9 விழுக்காடு மட்டுமே. உத்தரப் பிரதேசமும் பீகாரும் நீங்கலான மற்ற மாநிலங்களில் அது சுமார் 21 விழுக்காடு. பத்துத் தவணை போட்டுக்கொண்ட பிள்ளைக்கும் கால் முடங்கியதைக் கண்ட பெற்றோர் மருந்தின் மீதே நம்பிக்கை இழந்ததில் வியப்பில்லை. வீடு வீடாகச் சென்ற பணியாளர்கள் கதவடைப்பைச் சந்தித்ததற்கு வதந்திகள் மட்டுமே காரணம் என்று எழுதுவது முழு உண்மையாகாது. மருந்து உண்மையிலேயே அங்குக் குறைவாக வேலை செய்தது.

வயிற்றுப்போக்கு, ஊட்டக்குறைவு, நெரிசல், கழிவுநீர் என்று பல காரணங்கள் சொல்லப்பட்டன. எல்லாமே குடலின் நிலையோடு தொடர்புடையவை. ஆனால் குடலில் உள்ள எது, எப்படி என்ற கேள்வி நின்றது. இதற்கு விடை காணும்வரை களப்பணி காத்திருக்கவில்லை. 2005 முதல் ஒற்றை வகை மருந்தும், 2010 முதல் இருவகை மருந்தும் பயன்பாட்டுக்கு வந்தன. நோயுற்றோர் எண்ணிக்கை 2009இல் 741 ஆக இருந்தது. 2010இல் 42 ஆகி, 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹௌராவில் ஒரே ஒரு குழந்தையோடு நின்றது.

2011: எலிகளில் செய்த சோதனை

அதே 2011ஆம் ஆண்டு அக்டோபரில், அமெரிக்காவின் டல்லஸ் நகரில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத் தென்மேற்கு மருத்துவ மையத்தைச் சேர்ந்த ஷரன் குஸ், ஜூலி ஃபைஃபர் குழுவினரின் ஆய்வு 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது.

எலிகளுக்கு இயல்பாகப் போலியோ வராது. வைரஸ் பற்றிக்கொள்வதற்கான மனித ஏற்பி எலிச் செல்களில் இல்லை. எனவே அந்த ஏற்பிக்குரிய மனித மரபணு புகுத்தப்பட்டு, இன்டர்பெரான் என்னும் தற்காப்பும் குறைக்கப்பட்ட எலிகள் பயன்படுத்தப்பட்டன. அவற்றுள் ஒரு பகுதிக்கு நான்கைந்து நுண்ணுயிர்க்கொல்லிகளைக் கலந்து கொடுத்துக் குடல் பாக்டீரியாவை ஏறத்தாழ முற்றிலும் நீக்கினர். பிறகு எல்லாவற்றுக்கும் வாய்வழியே போலியோ வைரஸைக் கொடுத்தனர்.

நோய் எதிர்ப்புப் பாடம் படித்த எவரும், பாக்டீரியா இழந்த எலிகளே அதிகம் நோயுறும் என்று எதிர்பார்த்திருப்பர். நல்ல பாக்டீரியா காவல் என்பதுதானே பொதுக்கருத்து. நடந்தது நேர்மாறு. பாக்டீரியா உள்ள எலிகளே ஏறத்தாழ இரண்டு மடங்கு அதிகமாக இறந்தன. நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்த எலிகளுக்கு மீண்டும் குடல் பாக்டீரியாவைச் செலுத்தியபோது, நோய்க்கு ஆளாகும் தன்மையும் திரும்பியது. எனவே நுண்ணுயிர்க்கொல்லி நேரடியாக வைரஸைத் தாக்கியது என்று சொல்ல இடமில்லை.

இவ்வாய்வில் பயன்பட்ட ஓர் உத்தி மாணவர்கள் தனியே அறியத்தக்கது. எலியின் மலத்தில் வைரஸ் இருக்கிறது என்றால், அது குடலில் புதிதாகப் பெருகியதா, கொடுத்ததே வெறுமனே கடந்து வந்ததா என்று எப்படிப் பிரித்தறிவது? இதற்கு நியூட்ரல் ரெட் என்னும் சாயம் உதவியது. அச்சாயம் சேர்த்து இருட்டில் வளர்க்கப்பட்ட வைரஸின் உறைக்குள் சாயம் தங்கிவிடும். அத்தகைய வைரஸ் மீது ஒளி பட்டால் அது செயலிழக்கும். ஆனால் அது எலியின் குடற்செல்லில் ஒருமுறை பெருகிவிட்டால், பிறக்கும் புதிய வைரஸ்களுக்குள் சாயம் இராது. ஒளி அவற்றை ஒன்றும் செய்யாது. ஆக, மலத்தை ஒளியில் வைத்த பின் எஞ்சுவது எல்லாம் குடலில் பெருகியவையே. இவ்வாறு கணக்கிட்டபோது பாக்டீரியா உள்ள குடலில்தான் வைரஸ் நன்கு பெருகியது உறுதியாயிற்று.

குடுவையிலும் இது தெரிந்தது. பாக்டீரியாவோடு சேர்த்து வைக்கப்பட்ட வைரஸ், தனியே வைக்கப்பட்டதை விடக் கூடுதலாகச் செல்களைத் தொற்றியது. உயிருள்ள பாக்டீரியாவே வேண்டும் என்பதில்லை. கொல்லப்பட்ட பாக்டீரியாவும் போதும். அதன் மேற்பரப்பில் உள்ள கூட்டுச் சர்க்கரைப் பொருள்கள், குறிப்பாக லிப்போபாலிசாக்கரைடு, அந்த வேலையைச் செய்தன. வைரஸ் அதனோடு ஒட்டிக்கொள்கிறது. அதனால் அதன் உறை உறுதி பெறுகிறது. மனிதச் செல்லின் ஏற்பியிலும் கூடுதலாகப் பற்றுகிறது.

'சயின்ஸ்' இதழின் அதே வெளியீட்டில், சிகாகோ பல்கலைக்கழகத்தின் தத்யானா கொலோவ்கினா குழுவினர், எலிகளின் மார்புக் கட்டி வைரஸ் என்னும் இன்னொரு ஆர்.என்.ஏ. வைரஸும் பாக்டீரியாவின் லிப்போபாலிசாக்கரைடைப் போர்த்திக்கொண்டு எதிர்ப்பு மண்டலத்தை ஏமாற்றுகிறது என்று காட்டினர். குடும்பத்தால் தொடர்பற்ற இரு வைரஸ்கள் ஒரே பொருளைப் பயன்படுத்திக்கொண்டது, இது தற்செயல் அன்று என்ற எண்ணத்தை வலுப்படுத்தியது.

ஓர் எழுத்து மாற்றமும் குளோரினும்

2014இல் ஃபைஃபர் குழுவினர் அடுத்த படிக்குச் சென்றனர். வைரஸ் உறையின் வி.பி.1 என்னும் புரதத்தில் 99ஆம் இடத்தில் உள்ள ஒரே ஓர் அமினோ அமிலம் மாறிய வைரஸ் அவர்களுக்குக் கிடைத்தது. த்ரியோனின் இருந்த இடத்தில் லைசின். இம்மாற்றம் பெற்ற வைரஸ் செல்லுக்குள் வழக்கம்போலப் பெருகியது. எலிக்குள்ளும் குறையின்றிப் பெருகியது. ஆனால் லிப்போபாலிசாக்கரைடால் அது உறுதி பெறவில்லை. மலத்தோடு வெளியேறிய பின் விரைவில் வலுவிழந்தது.

பாக்டீரியாவின் சர்க்கரைப் பொருள் வைரஸுக்கு உடலுக்குள் மட்டும் உதவுவதில்லை, ஓர் உடலிலிருந்து இன்னோர் உடலுக்குப் போகும் வழிப்பயணத்திலும் காக்கிறது என்பது இதனால் தெரிந்தது. அப்பொருள் ஒட்டிய வைரஸ் நீர்த்த குளோரின் கரைசலையும் கூடுதலாகத் தாங்கியது. திறந்தவெளி மலங்கழிப்பும் குடிநீரில் சாக்கடைக் கலப்பும் உள்ள ஊர்களில் போலியோ ஏன் அவ்வளவு பிடிவாதமாக நின்றது என்பதைச் சிந்திக்கையில் இச்செய்தி பொருள் உடையது. சுகாதாரப் பணியாளர்கள் அழிக்க வேண்டியிருந்தது தனி வைரஸை மட்டும் அன்று, மேலாடை அணிந்த வைரஸை.

2018இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, ஒரே பாக்டீரியாவின் மீது பல வைரஸ் துகள்கள் ஏறிக்கொள்வதால், அவை சேர்ந்தே ஒரு செல்லுக்குள் நுழைய வாய்ப்புக் கூடுகிறது என்று காட்டியது. ஒரே செல்லுக்குள் இரு வைரஸ்கள் சந்தித்தால் அவற்றின் ஆர்.என்.ஏ. பகுதிகள் இடம் மாறிக்கொள்ளலாம். இதை மறுசேர்க்கை என்பர். தனித்தனியே குறைபாடு கொண்ட இரு வைரஸ்கள் இவ்வாறு ஒன்றுகூடி முழுத்திறன் பெறவும் கூடும். 2000-2001இல் ஹெய்ட்டியிலும் டொமினிக்கன் குடியரசிலும் இளம்பிள்ளை வாதத்தைப் பரப்பியது, சொட்டு மருந்திலிருந்து பிறந்து, குடலில் உள்ள வேறு வைரஸ்களோடு மறுசேர்க்கை அடைந்த ஒன்றே. 2021 முதல் பயன்பாட்டில் உள்ள புதிய இரண்டாம் வகைச் சொட்டு மருந்து, இத்தகைய மறுசேர்க்கையை அரிதாக்கும் வகையில் திட்டமிட்டு மாற்றப்பட்ட மரபணுத் தொகுதியைக் கொண்டது.

மற்ற குடல் வைரஸ்களில் கதை ஒரே மாதிரி இல்லை. எலிகளைத் தொற்றும் நோரோவைரஸ் குடலில் நிலைத்துத் தங்குவதற்குப் பாக்டீரியா உதவுகிறது என்று 2015இல் அறியப்பட்டது. ஆனால் 2019இல், இழை வடிவான ஒருவகைக் குடல் பாக்டீரியா எலிகளை ரோட்டாவைரஸிலிருந்து காக்கிறது என்றும் அறியப்பட்டது. குடல் பாக்டீரியா வைரஸுக்கு நண்பனா பகைவனா என்று பொதுவாகக் கேட்பது பயனற்ற கேள்வி. எந்த வைரஸ், எந்தப் பாக்டீரியா என்றே கேட்க வேண்டும்.

மீண்டும் வேலூர்

எலியில் கண்டது குழந்தைக்குப் பொருந்துமா? இதைச் சோதிக்கும் பெரிய முயற்சி வேலூர் மாவட்டத்திலேயே நடந்தது. கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் லண்டன் இம்பீரியல் கல்லூரியும் இணைந்து நடத்திய இந்த ஆய்வின் முடிவுகள் 2016இல் வெளிவந்தன. மூன்றாம் வகைப் போலியோவுக்கு எதிர்ப்பொருள் இல்லாத, 6 முதல் 11 மாத வயதுடைய 750க்கும் மேற்பட்ட குழந்தைகள் சேர்க்கப்பட்டனர். பாதிப் பேருக்கு அசித்ரோமைசின் மூன்று நாள்களும், மீதிப் பேருக்கு மருந்தற்ற போலிக் கரைசலும் கொடுத்து, பிறகு மூன்றாம் வகைச் சொட்டு மருந்து போடப்பட்டது. யாருக்கு எது கொடுக்கப்பட்டது என்பது முடிவு வரை மறைக்கப்பட்டிருந்தது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு சிக்கல் உண்டு. ஏழைக் குழந்தைகளின் குடலில் உள்ள நோய் பாக்டீரியாக்களும் அழற்சியும் சொட்டு மருந்தைக் கெடுக்கின்றன, அவற்றைக் குறைத்தால் மருந்து நன்கு பிடிக்கும் என்பதே இந்த ஆய்வின் அடிப்படை எண்ணம். டல்லஸ் எலிகளின் முடிவோ எதிர்த்திசையில் இருந்தது. தடுப்பு மருந்தில் உள்ளதும் போலியோ வைரஸ்தான். பாக்டீரியாவைக் குறைத்தால் அதன் வளர்ச்சியும் குறையலாம்.

இரண்டில் எதுவும் நடக்கவில்லை. அசித்ரோமைசின் குழந்தைகளின் குடலில் நோய் பாக்டீரியாவையும் அழற்சியின் அடையாளங்களையும் குறைத்தது உண்மை. ஆயினும் எதிர்ப்பொருள் பெற்றோர் விகிதம் இரு பிரிவிலும் பாதிக்குச் சற்று மேலாக, ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. எலிகளுக்குச் செய்ததுபோலக் குழந்தையின் குடலைத் துடைத்தெடுக்க எந்த மருத்துவரும் துணியார். மூன்று நாள் ஒற்றை மருந்து செய்யும் மாற்றம் அதற்கு அருகிலும் வராது. எனவே இம்முடிவு எலிச் சோதனையை மறுத்தது என்று சொல்வது பொருந்தாது.

அதே குழந்தைகளின் மல மாதிரிகளை மேலும் ஆராய்ந்தபோது, சொட்டு மருந்து பலிக்காத குழந்தைகளிடம் பாக்டீரியாக் கூட்டத்தில் பெரிய வேறுபாடு தென்படவில்லை. வேறொன்று தென்பட்டது. மருந்து போடும் நேரத்தில் போலியோ அல்லாத பிற குடல் வைரஸ்கள் இருந்த குழந்தைகளிடமே எதிர்ப்பொருள் குறைவாகத் தோன்றியிருந்தது. 1972இல் வேலூரிலேயே சான்றில்லை என்று ஒதுக்கப்பட்ட பழைய காரணம், நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, நுண்ணிய மூலக்கூற்றுச் சோதனைகளின் துணையோடு அதே ஊரில் மீண்டும் எழுந்தது. இதற்கிடையே 2015 நவம்பர் முதல் இந்தியா ஊசிவழிப் போலியோ மருந்தையும் சேர்த்துக்கொண்டது. செயலிழந்த வைரஸ் கொண்ட அந்த மருந்து தோல் அல்லது தசை வழியே செல்வதால், குடலில் யார் இருக்கிறார்கள் என்பது அதற்கு ஒரு பொருட்டில்லை.